வெள்ளத்தில் உடைந்த இருபத்தாறு பாட்டில்கள்

அருங்காட்சியகத்தில் அவளுக்குப் பாட்டிலம்மா என்று பெயர். வாசலில் சீட்டுக் கிழிப்பவரிலிருந்து டைரக்டர் வரை முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். அவளுக்கும் அது தெரியும், வருத்தம் இல்லை. பழைய மருத்துவமனைக் கட்டடம் ஒன்றுக்கு வெள்ளையடித்து மருத்துவ வரலாற்றுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அறுவைக் கத்திகள் ஓர் அறையில், எலும்புக்கூடுகள் இன்னோர் அறையில், மருந்துப் பாட்டில்கள் நீளமான கூடத்தில். அந்தக் கூடம் அவள் பொறுப்பு. எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்காமல், கடைக்காரர்களும் ஊர் ஊராகச் சுற்றியவர்களும் கூவி விற்ற மருந்துகள்தான் அங்கே அதிகம். தலைவலி, ரத்தசோகை, மனக்கவலை, நாய்க்கடி, எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில், வேளைக்கு ஒரு கரண்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று எந்தப் பாட்டிலும் சொன்னதில்லை. ரகசியச் செய்முறை என்று மட்டும் பெருமையாக அச்சடித்திருப்பார்கள்.

பொய் சொல்லுகிற பாட்டில் சீட்டுகளுக்கு நடுவில் பதினாறு வருடம் வேலை பார்த்ததாலோ என்னவோ, அவளுக்கு எதையும் சட்டென்று நம்ப வராது. காய் வாங்கினால் தராசைப் பார்ப்பாள். சொந்தக்காரர் யாராவது திடீரென்று பாசமாகப் பேசினால், என்ன காரியமாக வந்திருப்பார் என்று யோசிப்பாள். "உனக்குக் கடவுளே நேர்ல வந்தாலும் அடியைத் திருப்பி முத்திரை பாப்ப," என்பான் அவள் கணவன். அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அளப்பவன்.

ஒரு திங்கட்கிழமை காலை, கட்டடத்தின் பின்பக்கம் கழிவுநீர்க் குழாய் மாற்றிக்கொண்டிருந்த குழாய்க்காரர் ஈரச் சாக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவள் மேஜைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வரைக்கும் சேறு. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, தரை அழுக்காகிவிடுமோ என்று குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்தார்.

"மேடம், பின்னாடி தோண்டுறப்ப கெடைச்சுது. தூக்கிப் போடத்தான் பாத்தேன். உள்ள இதே மாதிரி வரிசையா வெச்சிருக்கீங்களேன்னு ஞாபகம் வந்துச்சு."

சாக்கில் ஏழு பாட்டில்கள். ஒன்றுகூட உடையவில்லை.

அங்கேயே அவள் மனதில் முதல் நெருடல் விழுந்தது. குப்பைக்குழியில் எறிந்த பாட்டில் பத்தில் ஒன்று முழுசாகக் கிடைத்தாலே பெரிய விஷயம். ஏழுக்கு ஏழா?

"எல்லாம் ஒரே எடத்துலயா கெடந்துச்சு?"

"ஒரே எடத்துலதாங்க. இடுப்பளவு ஆழம்." அவர் கொஞ்சம் தயங்கி, சிரித்துக்கொண்டே கேட்டார். "இதுக்கெல்லாம் ஏதாச்சும் குடுப்பாங்களா மேடம்?"

இரண்டாவது நெருடல். பார்த்துச் சொல்வதாக அவரை அனுப்பிவிட்டு, பாட்டில்களைத் தொட்டிக்குக் கொண்டுபோய் மெல்லிய தூரிகையால் கழுவினாள்.

பாட்டிலுக்கு வயது சொல்வது ஒன்றும் மந்திரமில்லை. விரல் ஓடுகிற இடத்தில் எல்லாம் எழுதியிருக்கும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த தடம் பாட்டிலின் விலாவில் கோடாக ஏறும். அந்தக் கோடு கழுத்துக்குக் கீழேயே நின்றுவிட்டால், வாயை மனிதன் கையால் முடித்திருக்கிறான் என்று அர்த்தம். நூறு வருடத்துக்கு மேல். கோடு உதட்டைத் தாண்டி மேலே வரைக்கும் போனால் அது இயந்திரம் செய்தது. அதைவிடப் பழசென்றால், வாயை முடிக்க ஒட்டிப் பிடித்திருந்த கம்பியை ஒடித்தெடுத்த வடு அடியில் தொப்புள் மாதிரி இருக்கும். இந்த ஏழில் ஐந்துக்குக் கோடு கழுத்துக்குக் கீழே நின்றது. இரண்டுக்குத் தொப்புள் இருந்தது. கண்ணாடிக்குள் குமிழிகள், கோணல் தோள்கள், புடைத்த எழுத்தில் ஒரு நரம்பு டானிக்கின் பெயர். எல்லாம் அசல்.

ஆறாவது பாட்டிலை ஜன்னலுக்கு நேரே தூக்கியபோதுதான் அவள் கை நின்றது. ஒரு பக்கம் மட்டும் இளம் ஊதா.

அந்தக் காலத்தில் கண்ணாடியின் பச்சைச் சாயலைப் போக்க ஒரு தாதுப்பொருள் கலப்பார்கள். அப்படிச் செய்த கண்ணாடி வெயில் பட்டால் வருடக்கணக்கில் மெதுவாக ஊதா நிறமாகும். வெயில் பட்டால் மட்டும். மண்ணுக்குள் நூறு வருடம் கிடந்தாலும் ஆகாது. இந்தப் பாட்டில் ஒரே பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டிக்கொண்டு ஏதோ ஓர் அலமாரியில் வருடக்கணக்கில் நின்றிருக்கிறது. குப்பையில் கிடந்த கதை பொய்.

பாட்டில்களின் மேல் மீன்செதில் மாதிரி லேசான மினுமினுப்பு ஒன்று தெரிந்தது. குழாய்க்காரரின் கையிலிருந்த எண்ணெயாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அவள் கண்ணில் ஊதாவைத் தவிர வேறெதுவும் ஏறவில்லை. அவசரமாக அடியைத் திருப்பித் தேய்த்தாள். சேற்றுக்குக் கீழே வெள்ளைப் பெயிண்டில் பாதி உதிர்ந்த ஒரு நான்கு, முழுசாக ஒரு ஒன்று, ஒரு ஏழு. அருங்காட்சியகத்தின் எண்.

டைரக்டர் அறைக்கு அவள் ஓடாத குறைதான்.

டைரக்டர் சின்ன வயசுக்காரர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டரில் நானூற்றுப் பதினேழைத் தேடினார். அப்படி ஓர் எண்ணே இல்லை. ஸ்டோர்க்காரரைக் கூப்பிட்டார். அவர் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சாவி என் இடுப்பை விட்டு எறங்கினதே இல்ல சார். ஆனா பட்டியல்ல ஏறாத பெட்டிங்க உள்ள நெறைய கெடக்கு. போன மாசம் ஸ்டோர்ல பைப் ஒழுகிச்சுன்னு அந்த ஆளுதான் வந்து ரெண்டு நாள் வேலை பாத்தான். நான் பக்கத்துலயேதான் இருந்தேன்..." என்று இழுத்தவர், "சாப்பிடப் போயிருப்பேன்," என்று முடித்தார்.

"நம்ம பொருளைத் திருடி நமக்கே கொண்டுவந்து குடுக்கறானா?" என்றார் டைரக்டர்.

"குடுக்கல சார். ஏதாச்சும் கிடைக்குமான்னு கேட்டாரு," என்றாள் பாட்டிலம்மா. அந்த நிமிடம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. ஊதா நிறத்தை வைத்துத் திருட்டைப் பிடித்தவள் என்று ஊரே பேசப்போகிறது என்கிற சந்தோஷம்.

குழாய்க்காரரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவர் முதலில் விளையாட்டென்று நினைத்தார். பிறகு முகம் வெளுத்தது.

"ஐயோ, மண்ணுக்குள்ளதாங்க இருந்துச்சு. சிமெண்ட் பாதைக்கடியில இன்னும் இருக்கு. வந்து பாருங்களேன்."

"அதையும் நீயே வெச்சிருப்ப," என்றார் டைரக்டர்.

குழாய்க்காரர் பாட்டிலம்மாவைப் பார்த்தார். "மேடம், நீங்களாச்சும் சொல்லுங்க. திருடினவன் உங்ககிட்டயே கொண்டாந்து காட்டுவேனா?"

அவள் பார்வை ஊதாப் பாட்டில் மேலேயே இருந்தது. அது சரியான கேள்வி என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. மத்தியானம் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, விசாரிக்க வேண்டும் என்று அவரை அழைத்துப் போனார்கள். சாயங்காலம் வரை ஸ்டேஷனில் உட்கார வைத்து, மறுநாளும் வரச்சொல்லி அனுப்பினார்கள். காண்டிராக்டர் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். பாதி தோண்டின பள்ளத்தில் அவர் கடப்பாரையும் மண்வெட்டியும் அப்படியே கிடந்தன.

வீட்டுக்கு வந்து அவள் இதையெல்லாம் சொன்னபோது மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே கூடத்தில், அதே மேஜையில் இருபத்திரண்டு வருடம் காப்பாளராக இருந்தவர் அவர். அவர் ஓய்வு பெற்றபின் அந்த வேலைக்குத் தேர்வெழுதித்தான் மருமகள் வந்தாள். 'குடும்பச் சொத்து' என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். மதிப்பெண் பட்டியலை ஒட்டிய பிறகு அடங்கினார்கள். அருங்காட்சியக நடைபாதையில் மாமியாரின் படம் இன்றைக்கும் தொங்குகிறது. தொண்ணூற்றிரண்டில் வந்த வெள்ளத்தில், முழங்கால் தண்ணீரில், தலையில் பாட்டில் பெட்டியோடு நிற்கிற படம். கூடத்தைக் காப்பாற்றியவர் என்று கீழே எழுதியிருக்கும்.

"ஊதாவை வெச்சுக் கண்டுபிடிச்சியா? கெட்டிக்காரி," என்றார் மாமியார். ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தார். "எங்க தோண்டினாங்களாம்?"

"பின்னாடி, செவத்தோரமா."

"பாட்டில்தான் வந்துருச்சுல்ல? போலீசு வரைக்கும் எதுக்கு? பாவம், கூலிக்காரன். விட்டுரச் சொல்லேன்."

மருமகளுக்கு அது புதிதாக இருந்தது. ஒரு மூடி காணாமல் போனதற்கு ஒரு குமாஸ்தாவை மூன்று நாள் தூங்கவிடாமல் செய்தவர் என்று பெயரெடுத்தவர் இவர். வயதானால் மனசு இளகும் போலிருக்கிறது என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, நம்பவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பழைய கையெழுத்துப் பதிவேட்டை எடுத்தாள். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய தடித்த புத்தகம், முதுகுத்தையல் விட்டுப்போனது. நானூற்றுப் பதினேழு அதில் இருந்தது: 'நரம்பு டானிக், முத்திரை உடையாதது, மருந்து நிறைய உள்ளது, மேற்கு ஜன்னல் அலமாரி.' மேற்கு ஜன்னல். ஊதா எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டது. அந்த வரியின் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு: 'வெள்ளத்தில் உடைந்தது. பட்டியல் காண்க.'

பட்டியல் கடைசிப் பக்கங்களில் இருந்தது. வெள்ளத்தில் உடைந்தவை என்று வரிசையாக முப்பத்தேழு எண்கள், கீழே மாமியாரின் கையொப்பம். குழாய்க்காரர் கொண்டுவந்த ஏழின் அடியில் இருந்த எண்களும் அதில் இருந்தன. உடைந்ததாக எழுதிய ஏழு பாட்டில்கள் கீறல்கூட இல்லாமல், ஆனால் காலியாக, அவள் மேஜையில் நின்றன.

பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். முதல் பதினொரு வரிகள் ஒரே மையில், தாராளமான இடைவெளியில். மீதி இருபத்தாறு வரிகளின் நீலம் வேறு. எழுத்து பொடிப்பொடியாக, கையொப்பத்துக்கு மேலே இருந்த கொஞ்ச இடத்துக்குள் இடித்துக்கொண்டு நின்றது. கையொப்பம் போட்டபிறகு சேர்த்தது. உடைந்ததாகச் சேர்த்த அந்த இருபத்தாறும், பழைய விவரப்படி, மருந்து நிறைந்து முத்திரையோடு இருந்தவை.

அவள் பதிவேட்டை மூடிவிட்டுப் பின்பக்கம் போனாள். பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தாள். சேலைக் கொசுவத்தில் சேறு ஏறியது. குழாய்க்காரர்கள் சிமெண்ட் பாதையைக் குறுக்கே ஒரு முழ அகலம் மட்டும் வெட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் பாதை வெடிப்புக்கூட இல்லாமல் முழுசாக இருந்தது. இடது பக்க மண்சுவரில், உடையாத சிமெண்டுக்கு நேர் கீழே, அவள் விரலால் மண்ணைச் சுரண்டினாள். ஒரு பாட்டில் வாய் தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கு அந்தப் பக்கம் ஒரு தோள். படுக்க வைத்து, ஒன்றோடொன்று மோதாமல், இடையில் வைக்கோல் வைத்து அடுக்கியிருந்தார்கள். வைக்கோல் மக்கிக் கறுத்து மண்ணோடு மண்ணாகியிருந்தது. எறிந்தவர்கள் இல்லை இவர்கள். பாட்டிலைப் பிடிக்கத் தெரிந்தவர்கள்.

பாதை முடிகிற இடத்தில், சிமெண்ட் ஈரமாக இருந்தபோது யாரோ ஆணியால் கிறுக்கிய எண் இருந்தது. 94. தினமும் அதை மிதித்துத்தான் அவள் சாப்பிடப் போவாள்.

தொண்ணூற்று நான்கில் போட்ட பாதைக்கு அடியில் இந்தக் குழாய்க்காரர் எப்படிப் போன மாதம் பாட்டில் வைப்பார்? 'வந்து பாருங்களேன்' என்று அவர் கெஞ்சினாரே. பத்தடி நடந்து வந்து பார்த்திருந்தால் போதும். மினுமினுப்பும் எண்ணெய் இல்லை. ஈரமண்ணில் கிடந்த கண்ணாடிக்குத் தோல் உரிகிற மினுமினுப்பு அது. முதல் வருடத்தில் படித்த பாடம். ஊதா உண்மையைத்தான் சொன்னது. அலமாரியில் நின்ற பாட்டில் என்றது. திருடன் என்று சொன்னது அவள்.

பாட்டில்களுக்கு நடுவே ஒன்று மட்டும் கூட்டத்தோடு சேராமல் இருந்தது. சாதாரணப் பழுப்பு நிற இருமல் மருந்துப் பாட்டில், இயந்திரத்தில் செய்தது, தகர மூடி துருவாகிப் போயிருந்தது. அதை மட்டும் வெளியே எடுத்து அடியைத் துடைத்தாள். அச்சு எண்ணும் வருடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், அந்தக் காலத்துத் தொழிற்சாலைப் பழக்கம். 93. அப்படியானால் குழியை மூடியது தொண்ணூற்று மூன்றுக்கு முன்னால் இல்லை. வெள்ளம் தொண்ணூற்றிரண்டு. வெள்ளம் வடிந்து, எல்லாம் காய்ந்து, படத்தை மாட்டி முடித்த பிறகு யாரோ இதைச் செய்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ.

அவள் பாதி நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மாமியார் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அந்த வாரத்து மாத்திரைகளை ஏழு அறை டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். மருமகளின் சேலையில் சேற்றைப் பார்த்தார். பார்வையை டப்பாவுக்கு இறக்கிக்கொண்டார்.

"அத்தை, பாதைக்கடியில இன்னும் பத்தொம்போது பாட்டில் இருக்கணும். ஏழு வந்துருச்சு."

மாமியார் ஒரு வெள்ளை மாத்திரையை வியாழக்கிழமை அறைக்குள் போட்டார். "பதினெட்டுதான் இருக்கும்," என்றார். "ஒண்ணு அன்னைக்கே கைதவறி ஒடஞ்சுபோச்சு."

மருமகள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஏதாவது சமாதானம் சொல்வார், அதை அறுத்தெறிய வேண்டும் என்று வழியெல்லாம் வாதம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். இப்போது எதற்கும் வேலையில்லாமல் போயிற்று.

"வெள்ளத்துல ஒடஞ்சதுன்னு எழுதியிருக்கீங்க."

"எழுதினேன்."

"எதுக்கு?"

மாமியார் டப்பாவை மூடினார். "அப்ப ஒரு காவலாளி இருந்தான். நல்லவன். வெள்ளத்தப்ப என்கூட நின்னு பெட்டி தூக்கினவன். அவனுக்கு அந்த நரம்பு டானிக்ல என்ன இருக்குன்னு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. பாதிக்கு மேல சாராயம். எழுபது எண்பது வருஷம் மூடியே கெடந்த சாராயம். கொஞ்சம் கொஞ்சமா ஒரு இருமல் மருந்து பாட்டில்ல ஊத்திப்பான். டூட்டில உக்காந்து இருமல் மருந்து குடிக்கிறானேன்னு நானே பாவப்பட்டிருக்கேன். மூடிமேல மெழுகை உருக்கி மறுபடியும் முத்திரை மாதிரி ஒட்டிடுவான்."

"நீங்க கண்டுபிடிக்கலையா?"

"நம்பினேன்." அந்த வார்த்தையை அவர் ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வது மாதிரி சொன்னார். "ஒரு நாள் மத்தியானம் டானிக்னு நெனச்சு வேற எதையோ எடுத்துட்டான். கூடத்து நடுவுல விழுந்து துடிச்சான். அப்பதான் பாத்தேன். அலமாரிச் சாவி பூட்டுலயே தொங்குது. நான் விட்டுட்டுப் போன சாவி. வெஷம் இருக்கற அலமாரி அது. ஆஸ்பத்திரில, கெட்டுப்போனதைச் சாப்பிட்டான்னு சொன்னேன். டாக்டர் கேட்டப்ப கூட என்ன பாட்டில்னு சொல்லல. உயிர் பொழச்சான். ஒரு கண்ணு மங்கிப்போச்சு."

"பாட்டிலைச் சொல்லியிருந்தா கண்ணு பொழச்சிருக்குமா?"

மாமியார் டப்பாவின் மூடியை ஒருமுறை திறந்து மூடினார். "தெரியாது," என்றார் கடைசியில். "அதைத்தான் நானும் யாரையும் கேக்கல."

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த மாதம் வருடாந்தரச் சோதனை வரவிருந்தது. நிறைய இருப்பதாகப் பதிவேட்டில் இருந்த பாட்டில்களில் பாதி காலி. மிச்ச மருந்தையும் அவர் தொட்டியில் கொட்டிவிட்டார், இன்னொருவன் வாயில் போகக் கூடாதென்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய காவலாளியும் அவரும் ஒரு விடுமுறை நாளில் சேர்ந்து குழி தோண்டினார்கள். அவன் தோண்டினான், அவர் வைக்கோல் வைத்து அடுக்கினார். அப்புறம் இருபத்தாறு வரி எழுதினார். அடுத்த வருடம் அங்கே பாதை போடலாம் என்று யோசனை சொன்னதும் அவர்தான்.

"நேத்து நான் வந்து சொன்னப்ப நீங்க துணி மடிச்சிட்டிருந்தீங்க," என்றாள் மருமகள். "அந்த மனுஷனைப் போலீஸ் கூட்டிட்டுப் போச்சுன்னு சொன்னேன். 'விட்டுரச் சொல்லு'ன்னீங்க. அவ்வளவுதான்."

"விட்டுருவாங்கன்னு நெனச்சேன்."

"நாளைக்குக் காலைல நான் டைரக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன் அத்தை. நீங்களே வந்து சொன்னா நல்லாருக்கும்."

சாயங்காலம் கணவன் வந்ததும் விஷயம் அவன் காதுக்குப் போயிற்று. அவன் அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனான். "குழாய்க்காரரைக் காப்பாத்த அந்தச் சிமெண்ட் ஒண்ணே போதும்ல? அம்மா பேரை எதுக்கு இழுக்கற? யாரோ புதைச்சாங்கன்னு சொல்லேன். முப்பது வருஷத்துக்கு முந்தின கதை."

"யாரு எழுத்துன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

"தெரியலைன்னு சொல்லு."

"அந்த எழுத்துலதாங்க நம்ம வீட்டுப் பால் கணக்கே இருக்கு. எனக்குத் தெரியலைன்னா யாரு நம்புவா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான்.

காலையில் மாமியாரின் அறைக் கதவு சாத்தியே இருந்தது. அவள் தட்டாமல் கிளம்பினாள். டைரக்டரைப் பள்ளத்துக்கு அழைத்துப் போய் உடையாத சிமெண்டையும், அதன் அடியில் தெரிந்த பாட்டில் வாய்களையும், 94-ஐயும், 93-ஐயும் காட்டினாள். அவர் மெத்தப் படித்தவர், ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டார். உடனே ஸ்டேஷனுக்குப் போன் போட்டுப் புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். பிறகு பதிவேட்டைப் புரட்டினார்.

"இந்த இருபத்தாறு வரி யாரு எழுதினது மேடம்?"

"என் மாமியார் சார்."

டைரக்டர் தன்னை அறியாமல் நடைபாதைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பதினோரு மணிக்கு மாமியார் வந்தார். வாடகை வண்டியிலிருந்து இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் படியேறி, தன் படத்தைக் கடக்கும்போது தலை நிமிராமல் நேராக டைரக்டர் அறைக்கு வந்தார். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். பேனா கேட்டு, இருபத்தாறு வரிகளையும் ஒவ்வொன்றாக அடித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்தும் அன்றைய தேதியும் போட்டார். அதற்கே அரைமணி நேரம் ஆனது.

"காவலாளி பேரு?" என்றார் டைரக்டர்.

"அது மட்டும் கேக்காதீங்க."

டைரக்டர் வற்புறுத்தவில்லை. மேலிடத்துக்கு எழுதத்தான் வேண்டும், என்ன வருமோ தெரியாது என்று மட்டும் சொன்னார். ஆனால் அப்படி ஒரு காவலாளி இருந்தாரா என்று பார்க்காமல் பாட்டிலம்மாவுக்கு மனசு ஆறவில்லை. மாமியாரை வண்டியேற்றி அனுப்பிய கையோடு பழைய ஊழியர் விடுப்புப் பதிவேட்டைத் தேடி எடுத்தாள். தொண்ணூற்று மூன்றில் ஒரு காவலாளி மூன்று வாரம் மருத்துவ விடுப்பில் போயிருந்தார். காரணம் எழுதும் இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும், பார்க்கப் போனோமே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மத்தியானம் குழாய்க்காரர் தன் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுக்க வந்தார். அவள் பின்பக்கம் ஓடினாள்.

"தப்பு என்மேலதாங்க. நீங்க கூப்பிட்டப்பவே வந்து பாத்திருக்கணும். பாக்கல. மன்னிச்சிருங்க. காண்டிராக்டர்கிட்ட டைரக்டரே பேசிட்டாரு. நீங்க நாளைலேர்ந்து வேலைக்கு வரலாம்."

அவர் மண்வெட்டியிலிருந்த காய்ந்த சேற்றைக் கல்லில் தட்டினார். "வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லிட்டேன் மேடம். என் பொண்ணு படிக்கற பள்ளிக்கூட வாசல்லதான் அந்த ஸ்டேஷன். ரெண்டு நாள் பெஞ்சுல உக்காந்திருந்தேன். விடற நேரத்துல புள்ளைங்க எல்லாம் பாத்துட்டுப் போச்சுங்க." கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "இனிமே மண்ணுக்குள்ள என்ன கெடைச்சாலும் மூடிட்டுப் போயிடறதுன்னு இருக்கேன்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். தெரிந்துகொண்ட ஒரு வேலைப் பாடத்தைச் சொல்வது மாதிரி சொல்லிவிட்டு நடந்தார். அவள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமை ஆசிரியையிடம் நடந்ததைச் சொல்லி, ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதனால் என்ன பிரயோசனம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பாதையை முழுக்கப் பெயர்த்தபோது மிச்சப் பாட்டில்கள் வந்தன. சரியாகப் பதினெட்டு.

மாமியாரின் படத்தை இறக்குவதா வேண்டாமா என்று மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. டைரக்டர் இன்னொரு வேலை வைத்தார். மாமியாரின் காலத்துப் பதிவுகள் மொத்தத்தையும், பொருளோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகள். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் முடியும் என்று மாமியாரையும் வரச்சொன்னார். அவர் மறுக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் மருமகளோடு கிளம்பி வந்தார்.

அப்படியாக மாமியாரும் மருமகளும் நீளமான கூடத்தில், எதிரெதிரே உட்கார்ந்துகொண்டார்கள். மருமகள் எண்ணை வாசிப்பாள். பாட்டிலை எடுத்து விலாக்கோட்டைத் தடவி, அடியைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடிப்பாள். மாமியார் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி, தன் பழைய எழுத்தைப் பார்த்து, "சரி" என்பார். சில இடங்களில், "இது எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது, நான் தொறந்து பாக்கல" என்பார். வீட்டில் எப்போதும் போலப் பேசிக்கொண்டார்கள். கூடத்துக்குள் வந்தால் எண்ணைத் தவிர வேறு பேச்சில்லை.

மூன்றாவது வாரம், அறுநூற்று இரண்டு வந்தது. சின்ன நீலக் குப்பி, கண் மருந்து. பதிவேட்டில் 'ஜோடி' என்று எழுதி, பிறகு அதை ஒரே கோட்டில் அடித்து, மாமியாரின் எழுத்தில், தேதி இல்லாமல் 'ஒன்று' என்று திருத்தியிருந்தது.

"அறுநூத்தி ரெண்டு," என்றாள் மருமகள்.

"சரி," என்றார் மாமியார், அவள் குப்பியைக் கையில் எடுப்பதற்குள்.

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். மாமியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் பென்சிலை எடுத்து, அந்த வரியின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு புள்ளி வைத்தாள். பிறகு அறுநூற்று மூன்றை எடுத்தாள்.